தேவாங்கின் கண்கள்



ஒல்லியான பிள்ளையைக் கண்டால், "தேவாங்கு மாதிரி இருக்கிறான்" என்று சொல்வது நம் ஊர்களில் வழக்கம். சொல்பவர்களில் பலர் தேவாங்கைப் பார்த்ததே இல்லை. இருட்டில், கிளைமேல் அசையாமல் அமர்ந்து, உருண்டைக் கண்கள் தணல்போல் மின்ன, குச்சி போன்ற கைகால்களோடு இருக்கும் அந்த விலங்கைக் கண்டால் எவருக்கும் ஒரு கணம் திகில் வரும். ஆனால், நம்மை அச்சுறுத்தும் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு காரணம் உண்டு.

முதலில் கண்கள். தேவாங்கு இரவில் இரை தேடும் உயிர். அதன் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல் ஒரு படலம் இருக்கிறது. கண்ணுக்குள் நுழைந்த ஒளியை அது திருப்பி அனுப்ப, விழித்திரை அதை மறுமுறையும் பயன்படுத்திக்கொள்கிறது. டார்ச் வெளிச்சம் பட்டதும் கண்கள் ஒளிர்வது இதனால்தான். அது பேயின் பார்வை அல்ல. மங்கிய நிலவொளியிலும் ஒரு சிறு பூச்சியைக் கண்டுகொள்ளும் பார்வை.

அடுத்து, அந்த மெலிந்த கைகால்கள். சுமார் கால் கிலோ எடையே உள்ள இவ்விலங்கு, இலைகூடச் சலசலக்காமல் மெல்ல மெல்ல நகர்ந்து, சட்டென்று பூச்சியைப் பற்றிக்கொள்ளும். அதன் கைகால்களில் இரத்தக் குழாய்கள் நுண்ணிய வலைபோலப் பிரிந்து ஓடுவதால், மணிக்கணக்கில் கிளையைப் பிடித்திருந்தாலும் தசைகள் சோர்வதில்லை. பயிரைக் கெடுக்கும் பூச்சிகளையும் உண்பதால், அது உழவருக்குக் கூலி கேட்காத காவலாளி.

இத்தகைய உயிரைத்தான் மாந்திரீகத்துக்கும், போலி மருத்துவத்துக்கும் பிடித்துச் சித்திரவதை செய்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதைக் கடுமையாகத் தடைசெய்கிறது. 2022ஆம் ஆண்டு தமிழக அரசு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறத்தாழ 11,800 ஹெக்டேர் காட்டை, கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் இதுவே.

சட்டம் காட்டைக் காக்கும். மனத்தை யார் மாற்றுவது? ஈசாயின் மகன்களுள் ஒருவரைத் திருப்பொழிவு செய்யச் சென்ற சாமுவேல், மூத்தவரின் தோற்றத்தையும் உயரத்தையும் கண்டு மயங்கினார். மனிதர் பார்ப்பதுபோல் தாம் பார்ப்பதில்லை என்று ஆண்டவர் அவரைத் திருத்தினார். இருளையும், அதில் நடமாடும் காட்டுயிர்களையும் ஆண்டவரின் கைவேலையாகவே 104ஆம் திருப்பாடல் போற்றுகிறது. அப்படியிருக்க, அவர் படைத்த ஒன்றைத் தீய சகுனம் என்பதும், அதன் உடலில் மந்திர சக்தியைத் தேடுவதும் நம் நம்பிக்கைக்கே முரணானவை.

அன்பர்களே, இந்த வாரம் இரண்டு காரியங்கள் செய்வோம். தேவாங்கையோ வேறு காட்டுயிரையோ யாரேனும் பிடித்து வைத்திருப்பதை அறிந்தால், வனத்துறையினருக்குத் தெரிவிப்போம். அதன் பெயரைச் சொல்லி எந்தப் பிள்ளையையும் கேலி செய்யாதிருப்போம். அந்தச் சொல் அவமதிப்பது இருவரை: அந்தப் பிள்ளையையும், அந்த உயிரையும். இருவரையும் படைத்தவர் ஒருவரே. ஆமென்.