சத்தம் கேட்கிறது, சொல் புரிகிறதா?

(நமது நிருபர்)

கோவிந்தாபுரம்: பொள்ளாச்சிச் சாலையில் இந்தச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம். அப்பால் முதலமடை மாந்தோப்புகள். அங்கே வேலைக்கு வந்த நம்மூர்த் தொழிலாளி ஒருவர், தாயாருக்கு உடல்நலமில்லை என்று தகவல் வந்து, ரயிலேறப் போனார். ஒலிபெருக்கி அலறியது. "ஒன்னாம் பிளாட்பாரம்" என்று காதில் விழுந்தது. வண்டி வந்ததோ மூன்றாவதில். மலையாளத்தில் அது "மூன்னாம்". எதிரொலியில் முதல் எழுத்து கரைந்தால் இரண்டும் ஒன்றுதானே! படியேறி இறங்குவதற்குள் வண்டி போய்விட்டது. மறுநாள்தான் தாயாரைப் பார்த்தார்.

அவருக்குக் காதில் கோளாறில்லை. ரயில்வே குமாஸ்தாவான எனக்கே பல நிலையங்களில் அறிவிப்பு புரிவதில்லை. காரணம் என்ன?

எதிரொலியின் வேலை

ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர் செல்லும். நூறு மீட்டர் தள்ளியுள்ள இரண்டாவது ஒலிபெருக்கியின் குரல் ஏறக்குறைய 0.3 விநாடி தாமதமாக வரும். அதற்குள் அடுத்த எழுத்து வந்துவிடும். இரண்டும் மோதிக் குழம்பும். சத்தத்தைக் கூட்டினால் குழப்பமும் சேர்ந்தே கூடும்.

அளப்பது எப்படி?

அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் ஹார்வி பிளெட்சர் குழுவினர் பொருளில்லாத அசைகளைப் படித்து, கேட்டவர்களை எழுதச் சொன்னார்கள். பொருளுள்ள சொல்லென்றால் மனம் ஊகித்துவிடும் அல்லவா? சரியாக எழுதியது எத்தனை என்பதே கருவிக்கு மதிப்பெண்.

1970களில் நெதர்லாந்தின் ஹவுட்காஸ்ட், ஸ்டீனெகன் இருவரும் ஆளில்லாமலே அளக்க வழி கண்டார்கள். பேச்சின் ஒலி விநாடிக்குச் சில முறை ஏறி இறங்கும். இடைவெளிகளை எதிரொலி எவ்வளவு நிரப்புகிறது என்று பார்த்து, 0 முதல் 1 வரை எண் கொடுத்தார்கள். பொது அறிவிப்புக்கு 0.5க்குக் குறையக் கூடாது என்பது பரவலான அளவுகோல். இன்று, கட்டடம் எழும் முன்பே கம்ப்யூட்டரில் அதன் மாதிரியை அமைத்து, ஒலிபெருக்கியை எங்கே மாட்டலாம் என்று கணக்கிடுகிறார்கள்.

திருவிழாக் கமிட்டியாருக்கு

மைக் செட்டுக்காரர் நூறு வாட்டை இருநூறாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்குச் சொற்ப வித்தியாசம். ஆம்ப்ளிபயரைக் கடைசிவரை திருகினால் ஒலியலையின் முனை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். ஒரே பெரிய குழாயை அலறவிடாமல், பல சிறிய பெட்டிகளைக் கேட்பவர் அருகே மெதுவாகப் பாடவிடுவதே மேல். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்க 2000ஆம் ஆண்டு விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

ரயில் நிலையத்துக்குச் செலவில்லாத வழியும் உண்டு. அறிவிப்பாளர் நிதானமாகப் பேசலாம். எண்ணை இரண்டு தரம் சொல்லலாம். பயணிகளும் புரியாவிட்டால் விசாரணை ஜன்னலில் கேட்கத் தயங்க வேண்டாம். பாஷை தெரியாத ஊரில் கேட்பது குறையல்ல. காத்திருக்கும் தாயாருக்கு ஒரு நாள் என்பது பெரிய நாள்.