விரலுக்குத் தெரிந்த காசு

டீ வருவதற்குள் ஒரு சின்னச் சோதனை. பையிலிருக்கும் சில்லறையை மேசைமேல் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு எது ஒரு ரூபாய், எது இரண்டு ரூபாய் என்று தடவிச் சொல்லுங்கள். அநேகமாகத் தடுமாறுவீர்கள். நம் தாத்தா பாட்டிகளுக்கு இந்தச் சிரமம் குறைவு.

ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்த காலத்திலேயே காசுக்குக் காசு வடிவம் வேறு. 1907-இல் வந்த ஓரணாவுக்கு விளிம்பெல்லாம் வளைவு வளைவாக இருக்கும். 1918-இல் வந்த ரெண்டணா, முனை மழுங்கிய சதுரம். 1943-இல், யுத்தத்தால் செம்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது காலணாவின் நடுவில் துளை போட்டார்கள். நாம் இன்றும் பேச்சில் இழுக்கும் ஓட்டைக் காலணா அதுதான்.

1950-இல் அரசர் தலை போய்ச் சாரநாத் சிங்கங்கள் வந்தன. ரூபாயில் இருந்த புலியின் இடத்தில் தானியக் கதிர்கள் ஏறின. இருந்தாலும் கணக்கு அதே அணாதான். அது மாறியது 1957 ஏப்ரல் 1 அன்று, ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆனபோது. நாலணா 25, எட்டணா 50 என்று சரியாக விழுந்தன. ஓரணாவோ ஆறேகால் பைசா! பழசும் புதுசும் ஒன்றாகப் புழங்கிய அந்தக் குழப்பத்தில் கைகொடுத்தது வடிவம்தான். ஐந்து பைசா சதுரம். இரண்டும் பத்தும் வளைந்த விளிம்பு, ஒன்று சிறிசு, ஒன்று பெரிசு. எழுத்து தெரியாதவரும் ஏமாறாமல் சில்லறை வாங்க முடிந்தது. நம் நாணய வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் வேலை இது.

பிறகு அந்த அக்கறை தளர்ந்தது. பதினொரு பக்கம் கொண்ட இரண்டு ரூபாயை வட்டமாக்கினார்கள். 2007-இல் விரல் முத்திரைகளைப் பொறித்தார்கள். ஒரு ரூபாய்க்கு ஒரு விரல், இரண்டுக்கு இரண்டு. கண்ணுக்கு அழகு, ஆனால் தொடுகைக்கு உதவவில்லை. 2011-இல் வந்த இரண்டு ரூபாயை, 1992 முதல் புழங்கிய ஒரு ரூபாயோடு வைத்துப் பாருங்கள்: இரண்டும் எவர்சில்வர், 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். பார்வையற்றவர் என்ன செய்வார்? இது பெரிய தவறு. 2020-இல் புழக்கத்துக்கு வந்த இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம் வைத்தது நல்ல திருத்தம்.



வடிவமைப்பு அடிக்கடி மாறியதில் பத்து ரூபாய் நாணயத்தின் மீதே ஜனங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதுவரை வெளியான பதினான்கு வடிவமைப்புகளும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. கடைக்காரர்களே, பஸ் கண்டக்டர்களே, தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.