ஒரே கொலஸ்ட்ரால் நம்பர்... அப்பாவுக்கு மாத்திரை, மகனுக்கு வேண்டாம்! ஏன்?

காவேரிப்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு 61 வயது. 12 வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மகனுக்கு 36. ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை. சர்க்கரை, பி.பி. எதுவும் இல்லை, சிகரெட் பழக்கமும் இல்லை.

கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் மகன் ரத்தம் கொடுத்தார். அதே வாரம் அப்பாவும் சர்க்கரையோடு சேர்த்துக் கொழுப்பும் பார்த்தார். இரண்டு ரிப்போர்ட்டிலும் கெட்ட கொழுப்பு, அதாவது எல்.டி.எல்., 128!

அப்பாவுக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மகனிடம், “சாப்பாட்டைக் கவனிங்க, மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கலாம்” என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் குழப்பம். “ஒரே நம்பர்தானே? அவனுக்கு வேணாம்னா உங்களுக்கு மட்டும் எதுக்காம்?” என்கிறார் அம்மா. “ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாதுங்க” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மாத்திரை அட்டை அலமாரிக்குள் போய்விடுகிறது.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால், இந்தப் பேச்சு பல வீடுகளில் நடக்கிறது. அந்த டாக்டர் இரண்டு பேருக்கும் சொன்னது சரியா? சரிதான். ஏனென்றால், மாத்திரை வேண்டுமா என்பதை அந்த ஒரு நம்பர் மட்டும் முடிவு செய்வதில்லை. அந்த நம்பர் யாருடைய உடம்பில் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

நம்பர் ஒன்று, ஆபத்து வேறு

ரத்தத்தில் மிதக்கும் எல்.டி.எல். கொஞ்சம் கொஞ்சமாக ரத்தக்குழாய்ச் சுவரில் படிகிறது. சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம், புகை ஆகியவை அந்தச் சுவரை ஏற்கெனவே புண்ணாக்கி வைத்திருந்தால், அதே அளவு கொழுப்பு அதிகக் கெடுதல் செய்யும். வயது கூடக் கூட ஆபத்தும் கூடும்.

அதனால்தான் இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், எல்லோருக்கும் ஒரே அளவு வைக்கவில்லை. ஆபத்து குறைவாக உள்ளவர்களுக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழ். சர்க்கரை, பி.பி. போன்றவை இருப்பவர்களுக்கு 70-க்குக் கீழ். மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர்களுக்கு 55-க்குக் கீழ். அதாவது, நம் கதையின் அப்பா தன் இலக்கைவிட மிகவும் மேலே இருக்கிறார். மகன் கொஞ்சம்தான் மேலே இருக்கிறார்.

யார் தயங்கவே கூடாது?

மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள், ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்தவர்கள்... இவர்களுக்குப் பெரும்பாலும் “போடலாமா” என்ற கேள்வியே இல்லை. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 1994-ல் வெளியானது. ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்ததில், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்குச் சுமார் 12 பேர் இறந்தார்கள். ஸ்டாட்டின் வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் 8 பேர்.

40 வயது தாண்டிய சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலானோருக்கும் இந்த மாத்திரை பரிந்துரைக்கப்படுகிறது. எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால், அது பரம்பரையாக வந்ததாக இருக்கலாம். வயது குறைவாக இருந்தாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பிள்ளைகள் எல்லோருக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும்.

நடுவில் இருப்பவர்கள்

மகனைப் போன்றவர்கள்தான் உண்மையில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியவர்கள். ஆபத்து குறைவாக உள்ள 1,000 பேர் ஐந்து வருடம் மாத்திரை சாப்பிட்டு, எல்.டி.எல். சுமார் 39 புள்ளி குறைந்தால், அவர்களில் ஏறக்குறைய 11 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்பு தவிர்க்கப்படும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு முடிவு சொல்கிறது. இதைப் பெரிய லாபம் என்று நினைப்பவரும் உண்டு, “இப்போதைக்கு வேண்டாம்” என்பவரும் உண்டு. இரண்டுமே தப்பில்லை. ஆனால், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால் தராசு மாத்திரைப் பக்கம் சாயும்.

மகனுக்குக் கிடைத்த மூன்று மாதமும் சும்மா இருக்கும் காலம் அல்ல. தினமும் அரை மணி நேரம் வேக நடை. ரேஷன் பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் என்பதால், பொரிப்பதைக் குறைத்து கடலை எண்ணெய், நல்லெண்ணெய் என்று மாற்றிக்கொள்ளலாம். கொழுப்பு வழியும் பிரியாணி வாரம் தவறாமல் என்பது எப்போதாவது என்று ஆகட்டும். கீரை, பயறு, கொண்டைக்கடலை கூடட்டும்.

ஒரு விஷயம்... தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும். பெண்களிடம் இது அதிகம். மாத்திரை ஆரம்பிக்கும் முன் தைராய்டு டெஸ்ட் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள்.

நம்ம ஊர் கணக்கு

“கிராமத்துல உழைக்கிறவங்களுக்கு இதெல்லாம் வராது” என்பது பழைய நம்பிக்கை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் வேலூர் நகரத்திலும் கே.வி.குப்பம் கிராமப் பகுதியிலும் 1991-94-ல் ஓர் ஆய்வும், 2010-12-ல் அதே போல இன்னோர் ஆய்வும் நடத்தினார்கள். உடல் பருமன், சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம் மூன்றும் நகரத்தில் மட்டுமல்ல, கிராமத்திலும் நன்றாகக் கூடியிருந்தன. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டினரைவிடச் சில வருடம் முன்னதாகவே வருகிறது என்பதும் 2004-ல் வெளியான உலகளாவிய ஆய்வில் தெரிந்தது.

பயம் நியாயமா?

இந்த மருந்தின் கதை ஒரு பூஞ்சையில் ஆரம்பிக்கிறது. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ, 1970-களில் பூஞ்சைகளை ஆராய்ந்தபோது முதல் ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு கோடிக்கணக்கானவர்கள் இந்த வகை மருந்தைச் சாப்பிட்டுவிட்டார்கள்.

பக்கவிளைவே இல்லையா? உண்டு. சிலருக்குத் தசை வலி வரும். சர்க்கரை வரும் நிலையில் இருப்பவர்களுக்குச் சர்க்கரை லேசாக ஏறலாம். அரிதாகக் கல்லீரல் பாதிப்பு. கடும் தசை வலியோடு சிறுநீர் அடர்நிறமாகப் போனால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள், அதற்குத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆனால், எல்லா வலிக்கும் மாத்திரைதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. பக்கவிளைவு என்று சொல்லி ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரிடம் லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. 2020-ல் வெளியான அதன் முடிவு ஆச்சரியமானது. மாத்திரை சாப்பிட்ட மாதங்களில் அவர்கள் உணர்ந்த தொல்லையில் 90 சதவிகிதம், மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்ட மாதங்களிலும் இருந்தது! தொல்லை நிஜம், காரணம்தான் பெரும்பாலும் வேறு. வலி வந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாறலாம். அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

“ரிப்போர்ட் நார்மல்... நிறுத்திடலாமா?”

அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான். கண்ணாடி போட்டதும் எழுத்து நன்றாகத் தெரிகிறது என்று கண்ணாடியைக் கழற்றி வீசுவோமா? நம்பர் குறைந்ததற்குக் காரணமே மாத்திரைதான். நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி ஏறிவிடும். ஸ்டென்ட் வைத்தவர் இப்படி நிறுத்துவது உயிரோடு விளையாடுவது.

டாக்டரிடம் கேட்க 5 கேள்விகள்

1. அடுத்த 10 வருடத்தில் எனக்கு மாரடைப்பு வர எவ்வளவு வாய்ப்பு?
2. மாத்திரை சாப்பிட்டால் அது எவ்வளவு குறையும்?
3. என் எல்.டி.எல். எவ்வளவுக்குக் கீழே வரணும்?
4. நான் சாப்பிடும் மற்ற மருந்துகள், நாட்டு மருந்துகளோடு ஒத்துப்போகுமா?
5. மறுபடி எப்போது டெஸ்ட்?

கேட்கத் தயங்க வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்கலாம். நெஞ்சுவலியோடு வருபவர்களுக்கு அங்கேயே முதல் மருந்து கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கியது. அப்போது தரும் மாத்திரைகளிலும் ஒரு ஸ்டாட்டின் இருக்கிறது. நெஞ்சுவலி வந்தால் மட்டும் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, அந்த அலமாரி? இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா அதைத் திறந்து, மாத்திரை அட்டையை எடுத்து, “ஏங்க, நாளைக்கு டாக்டர்கிட்ட போய் ஒருதடவை விளக்கமா கேட்டுட்டு வந்துடலாம்” என்று சொன்னால் போதும். மகனும் கூடப் போகட்டும். ஒரே நம்பர் என்றாலும், இரண்டு பேருக்கும் தனித்தனி பதில் அங்கே இருக்கிறது.