பழைய கணிப்பொறி ஏன் பேச மறுக்கிறது?

தொம்மலூரில் நான் குடியிருக்கும் தெருவில் ஒரு டி.டி.பி. கடை உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் கணிப்பொறி ஒன்று அங்கே இன்றும் சளைக்காமல் உழைக்கிறது. நம் மன்ற மலரின் பழைய பக்கங்கள் அதில்தான் இருக்கின்றன. அவற்றைத் தம் லேப்டாப்புக்குக் கொணர முயன்ற நண்பர்கள், "கம்பி பழுது" என்று சொல்லித் திரும்பினர். கம்பியில் குறை ஏதுமில்லை.

கோப்புகளைப் பகிரும் இரு பொறிகளும் முதலில் தமக்குள் ஒரு பேச்சு முறையை முடிவு செய்துகொள்ள வேண்டும். அம்முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர், 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்தது. எக்ஸ்பி அறிந்தது அதன் முதல் வடிவம் ஒன்றையே. 2017 அக்டோபர் முதல் வந்த விண்டோஸ் பதிப்புகளிலிருந்து மைக்ரோசாப்ட் அவ்வடிவத்தைப் படிப்படியாக விலக்கிவிட்டது. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளின் முன் நாம் நிற்பதும் இப்படித்தான். கல் இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது. படிக்கும் பயிற்சிதான் நம்மிடம் இல்லை!

விலக்கியதற்குக் காரணம் உண்டு. 2017 மே 12 அன்று பரவிய 'வானாக்ரை' என்னும் நச்சு நிரல் இம்முதல் வடிவத்திலிருந்த ஓட்டை வழியாகவே நுழைந்தது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது.

இனி, பழுது காணும் முறை. முதலில் 'பிங்' கட்டளையால் பழைய பொறியை அழைத்துப் பாருங்கள். மறுமொழி வந்தால் கம்பி நலமே. நெட்வொர்க் பட்டியலில் அதன் பெயர் இல்லையே என்று கலங்க வேண்டா. அப்பட்டியலைத் தொகுக்கும் பழைய ஏற்பாடும் முதல் வடிவத்தையே நம்பியிருந்தது. இரண்டு பின்சாய்கோடுகளை இட்டு, பொறியின் ஐ.பி. எண்ணை நேரே தட்டுங்கள். பயனர் கணக்குக்குத் தடை என்று செய்தி வந்தால், பெரும்பாலும் எக்ஸ்பி கணக்கில் கடவுச்சொல் இல்லை என்பதே பொருள், ஒன்றை அமைத்துவிடுங்கள். "பாதுகாப்பற்ற பழைய எஸ்.எம்.பி." என்று புதிய பொறி முறையிட்டால், நோய் நாம் மேலே கண்டதே.

"முதல் வடிவத்தை முழுதும் இயக்கிவிடு" என்று எளிதாகச் சொல்வோர் பலர். எனக்கு அது உடன்பாடன்று. விண்டோஸில் அது கிளையண்ட், சர்வர் என இரு கூறாக இருக்கிறது. லேப்டாப்பில் கிளையண்டை மட்டும் இயக்கினால் போதும்; சர்வரைத் தொடவே கூடாது. ரவுட்டரிலிருந்து இணையக் கம்பியைக் கழற்றுங்கள். லேப்டாப்பிலிருந்தே பழைய பொறியைத் திறந்து படியெடுங்கள்; முடிந்ததும் கிளையண்டை நீக்கிவிட்டு, அதன் பிறகே இணையத்தைச் சேருங்கள்.

பக்கங்களோடு, அவற்றை அடுக்கிய எழுத்துருக் கோப்புகளையும் மறவாமல் எடுத்து வாருங்கள். அவை யூனிகோடுக்கு முற்பட்டவை. உடன் வராவிட்டால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் புரியாத குறிகளுமே தோன்றும்.