அடிதான் காரணமா?

வயிற்றில் பந்து பட்டது, மறுநாள் வயிற்று வலி. கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் பையன் வளர்கிற எந்த வீட்டிலும் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லிவிடலாம். “நேத்து பந்து பட்டுச்சே, அந்த வலிதான். வெந்நீர் ஒத்தடம் கொடு, சரியாயிடும்” என்பார் பாட்டி. அம்மா ஒரு வலி மாத்திரை எடுத்துக் கொடுப்பார். பந்து பட்டதை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். குடல்வாலை யாரும் பார்த்ததில்லை. பழி பந்தின் மேல் விழுந்துவிடுகிறது.

குடல்வால் அழற்சியான அப்பெண்டிசைடிஸ் அடிபட்டு வருமா என்ற கேள்விக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம் மாயவித்தைக்காரர் ஹாரி ஹூடினி. 1926 அக்டோபர் 22-ஆம் தேதி, கனடாவின் மான்ட்ரியல் நகரில் பிரின்சஸ் தியேட்டரின் ஒப்பனை அறையில் அவர் சோபாவில் சாய்ந்து கிடந்தார். ஆல்பனியில் ‘நீர்ச் சித்திரவதைப் பெட்டி’ வித்தையின்போது கணுக்கால் முறிந்து 11 நாள்தான் ஆகியிருந்தது. மெக்கில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவரை வரைந்துகொண்டிருந்தார். அப்போது கார்டன் ஒயிட்ஹெட் என்ற இன்னொரு மாணவர் உள்ளே வந்தார். வயிற்றில் எவ்வளவு குத்தினாலும் தாங்குவீர்களாமே என்று கேட்டார். ஹூடினி எழுந்து வயிற்றை இறுக்கிக்கொள்வதற்குள் அடுத்தடுத்துக் குத்துகள் விழுந்தன. போதும் என்று கையைக் காட்டி நிறுத்தினார்.

மறுநாள் டெட்ராய்ட் போகும் ரயிலிலேயே வலி தாங்கவில்லை, காய்ச்சலும் வந்துவிட்டது. 24-ஆம் தேதி கேரிக் தியேட்டரில் 104 டிகிரி காய்ச்சலோடு மேடையேறினார். மருத்துவமனைக்குப் போகச் சொன்னதைக் கேட்கவில்லை, நிகழ்ச்சியை நடத்தினார். 25-ஆம் தேதி கிரேஸ் மருத்துவமனையில் வயிற்றைத் திறந்தபோது குடல்வால் வெடித்து, வயிற்றறை முழுக்கச் சீழ் பரவியிருந்தது. 29-ஆம் தேதி இன்னொரு அறுவை சிகிச்சை. 31-ஆம் தேதி இறந்துபோனார், வயது 52. அந்தத் தொற்றை அடக்க அன்று ஆன்டிபயாடிக் கிடையாது, பென்சிலினை ஃபிளெமிங் கண்டது 1928-இல்தான்.

அந்தக் குத்துதான் கொன்றதா? அப்பெண்டிசைடிஸ் மிகச் சாதாரணமான நோய். நூறு பேரில் ஏழெட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறை வரும். குடல்வாலின் குறுகிய உட்குழாயை இறுகிய மலத்துணுக்கோ வீங்கிய நிணநீர்த் திசுவோ அடைத்துக்கொள்கிறது. உள்ளே நீர் தேங்கி அழுத்தம் ஏறுகிறது, கிருமிகள் பெருகுகின்றன, சுவரின் ரத்த ஓட்டம் நின்று அது அழுகி ஓட்டை விழுகிறது. இதற்கு வெளியிலிருந்து அடி தேவையில்லை. பலமான அடியில் குடல்வால் சுவரிலோ அதன் அருகிலோ ரத்தம் கட்டி, வீங்கி, குழாய் அடைபட்டு அழற்சி வந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் அது மிக அபூர்வம். அடியும் நோயும் ஒரே வாரத்தில் தற்செயலாக வருவதற்கே வாய்ப்பு அதிகம். அடி நினைவில் நிற்கிறது, அடியே இல்லாமல் வந்த ஆயிரம் அப்பெண்டிசைடிஸ் யாருடைய கதையிலும் நிற்பதில்லை.

ஹூடினியைக் கொன்றது தாமதம் என்றுதான் நான் நினைக்கிறேன். நோய் ஏற்கெனவே தொடங்கியிருக்கலாம், குத்து அதன் மேல் விழுந்திருக்கலாம். எப்படியானாலும் குத்து வாங்கிய மனிதருக்கு வயிற்று வலி வந்தால் தசை வலி என்று நினைத்துக்கொள்ள ஒரு நல்ல சாக்குக் கிடைத்துவிடுகிறது. வலியைத் தாங்குவதையே தொழிலாக வைத்திருந்தவருக்கு அந்தச் சாக்கு இன்னும் வசதி.

மேடைக் கலைஞர்களிடம் இந்தப் பிடிவாதத்தை நம் பக்கத்திலும் பார்க்கிறோம். லேக் கார்டன்ஸிலிருந்து ரவீந்திர சரோபரைச் சுற்றிக்கொண்டு போனால் நஸ்ருல் மஞ்ச் அரங்கம் வந்துவிடும். ‘உயிரின் உயிரே’, ‘அப்படிப் போடு’ பாடிய கேகே என்ற கிருஷ்ணகுமார் குன்னத், 2022 மே 31-ஆம் தேதி அங்கே பாடி முடித்து ஓட்டலுக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் இறந்தார், 53 வயதில். பிரேதப் பரிசோதனை மாரடைப்பு என்றது. ஹூடினியைப் போலவே சங்கிலியால் கட்டிக்கொண்டு ஹூக்ளி ஆற்றில் இறங்கிய மாயவித்தைக்காரர் சஞ்சல் லாகிரி 2019 ஜூன் 16-இல் மேலே வரவே இல்லை. மாயவித்தைக்குப் பேர்போன சர்க்கார் குடும்பத்து இந்திரஜாலத்தைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. உடம்பு சொல்வதைக் கேட்காமல் இருப்பதை நாம் கொஞ்சம் அதிகமாகவே கைதட்டி ரசிக்கிறோம்.

சரி, வீட்டில் என்ன செய்வது? அப்பெண்டிசைடிஸ் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கும். பசி போய்விடும், குமட்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி அங்கே நின்றுகொள்ளும். இருமினாலும் குதித்தாலும் ரிக்‌ஷா பள்ளத்தில் இறங்கினாலும் அந்த இடம் சுண்டி இழுக்கும். லேசான காய்ச்சல் இருக்கும். அடிபட்ட தசை வலி அப்படி இடம் மாறாது, பட்ட இடத்திலேயே இருந்து நாளாக ஆகக் குறையும். குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகளுக்கு இந்த வரிசையை நம்ப முடியாது. பெண்களுக்குச் சினைப்பைக் கோளாறும் கருக்குழாய்க் கர்ப்பமும் இதே இடத்தில் வலிக்கலாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: துடித்த வலி சட்டென்று நின்றுபோனால் நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். வெடித்த குடல்வால் கொஞ்ச நேரத்துக்கு அப்படித்தான் ஏமாற்றும்.

விளக்கெண்ணெய், பேதி மருந்து, ஹாட் வாட்டர் பேக் மூன்றும் வேண்டாம். சாப்பாடும் வேண்டாம், அறுவை சிகிச்சை தேவைப்படலாம். வயிற்றில் உண்மையிலேயே பலமான அடி பட்டிருந்தால், சைக்கிள் ஹேண்டில் குத்தினாலோ யாராவது உதைத்தாலோ, அப்பெண்டிக்ஸை விட முதலில் கவலைப்பட வேண்டியது மண்ணீரலும் ஈரலும் குடலும். ரத்தம் உள்ளே கசிவது சில மணி நேரம் வெளியே தெரியாமல் இருக்கும். முகம் வெளிறுவது, தலைசுற்றல், இடது தோளில் காரணமில்லாத வலி, வயிறு பலகை போல இறுகுவது எல்லாம் உடனே ஓடவேண்டிய அறிகுறிகள். லேக் கார்டன்ஸ்காரர்களுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனை டாலிகஞ்சின் எம்.ஆர். பாங்கூர், பெரியது எஸ்.எஸ்.கே.எம்.

மண்ணீரல் என்ற சொல்லுக்கு இந்த ஊரில் ஒரு பழைய, கசப்பான வரலாறு உண்டு. மலேரியா நிரந்தரமாகக் குடியிருந்த வங்காளத்தில் ஏழைகளின் மண்ணீரல் வீங்கி நலிந்திருக்கும். வெள்ளைக்காரத் துரை வேலைக்காரரை அடித்தார், அவர் செத்தார் என்றால், ‘மண்ணீரல் ஏற்கெனவே கெட்டிருந்தது, அடி லேசானதுதான்’ என்பது வழக்கமான பதில். கல்கத்தா மருத்துவக் கல்லூரி முதல்வராக இருந்த நார்மன் செவர்ஸ் தம் சட்ட மருத்துவ நூலில் இந்த மண்ணீரல் மரணங்களைத் தனியாகவே எடுத்துப் பேசினார். ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் வண்டி தயாராக இல்லை என்று தம் குதிரைக்காரரை அடித்தார், அவர் மண்ணீரல் கிழிந்து இறந்தார். தண்டனை 30 ரூபாய் அபராதம். வைஸ்ராய் லிட்டன் 1876-இல் அதைக் கண்டித்து எழுதியபோது ஆங்கிலேயப் பத்திரிகைகள் லிட்டன் மேல்தான் பாய்ந்தன. அடிதான் காரணமா என்ற கேள்வி எப்போதுமே வெறும் மருத்துவக் கேள்வியாக இருந்ததில்லை.

வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கே சட்டப் புத்தகத்தில் இதற்கு விடை இருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-இலிருந்து சொன்னதையே இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 100-ஆம் பிரிவும் சொல்கிறது: ஏற்கெனவே நோயோ பலவீனமோ உள்ளவருக்குக் காயம் விளைவித்து அவருடைய சாவை முன்கூட்டியே வரவழைத்தவர், சாவை விளைவித்தவராகவே கருதப்படுவார். நல்ல சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்பதும் தப்பிக்கும் வழி இல்லை. அதற்காக அடித்தவர் எல்லாரும் கொலைகாரர் ஆகிவிட மாட்டார்கள். அவருடைய நோக்கம் என்ன, என்ன தெரிந்து அடித்தார் என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். சண்டையிலோ பள்ளி ராகிங்கிலோ அடிபட்டவருக்கு இதனால் பயன் உண்டு. ‘அவனுக்கு முன்னாடியே வியாதி’ என்று எதிர்தரப்பு சொல்வதோடு வழக்கு முடிந்துவிடாது. ஒயிட்ஹெட் மேல் வழக்கே போடப்படவில்லை என்பது வேறு விஷயம்.

அவசரச் சிகிச்சையை மறுக்க எந்த மருத்துவமனைக்கும் உரிமை இல்லை. போலீஸ் வரட்டும், எஃப்.ஐ.ஆர். வரட்டும் என்று காக்கவைக்கக் கூடாது என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைவிட நமக்கு நெருக்கமானது 1996 தீர்ப்பு. 1992 ஜூலையில் மதுராபூர் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று ஒரே இரவில் இந்த நகரத்தின் அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சேர்ந்து சுமார் 17,000 ரூபாய் செலவழித்தார். பஷ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி போட்ட வழக்கில், உரிய நேரத்தில் அவசரச் சிகிச்சை தராதது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறியதாகும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. படுக்கை இல்லை என்று வாசலில் சொல்லப்பட்டால் அதை எழுத்தில் கேளுங்கள், நேரத்தோடு. தனியார் மருத்துவமனை மேல் புகார் என்றால் மாநிலத்தின் 2017 சட்டத்தால் அமைந்த கிளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மென்ட் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. பில், சேவைக் குறைபாடு இவற்றை அது விசாரிக்கும். மருத்துவரின் கவனக்குறைவு என்றால் மேற்கு வங்க மருத்துவக் கவுன்சிலுக்குப் போக வேண்டும். பணம் கட்டிப் பெற்ற சிகிச்சை என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

இன்ஷூரன்ஸில்தான் இந்தக் கேள்விக்கு விலை போட்டிருக்கிறது. ஹூடினியின் நியூயார்க் லைஃப் பாலிசியில் விபத்தில் இறந்தால் இரட்டிப்புத் தொகை. அறையில் இருந்த மாணவர்கள் நடந்ததைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தார்கள், சிகிச்சையளித்தவர்களும் அடியையே காரணமாகக் கருதினார்கள், மனைவி பெஸ்ஸுக்கு நிறுவனம் இரட்டிப்பாகவே கொடுத்தது. இன்று இங்கே அது அவ்வளவு சுலபமாக நடந்திருக்காது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்து இரண்டு தீர்ப்புகள் சொன்னது. மொசாம்பிக்கில் கொசு கடித்து மலேரியாவில் இறந்தது விபத்தல்ல என்றது முதல் தீர்ப்பு. பைக் ஓட்டும்போது நெஞ்சுவலி வந்து விழுந்து மாரடைப்பில் இறந்தவருக்கு எல்.ஐ.சி. விபத்துப் பலன் தர வேண்டியதில்லை என்றது அல்கா சுக்லா வழக்கு. வெளியிலிருந்து திடீரென வந்த, கண்ணுக்குத் தெரியும் வன்விசையே சாவுக்கு நேரடிக் காரணம் என்று கேட்பவர்தான் காட்டியாக வேண்டும்.

மெடிக்ளெய்மில் சிக்கல் வேறு மாதிரி. புது பாலிசியில் முதல் 30 நாள் நோய்க்குப் பணம் கிடைக்காது, விபத்துக்குக் கிடைக்கும். அந்த 30 நாளுக்குள் அப்பெண்டிக்ஸ் வந்தால், “மாடிப்படில விழுந்தான்னு எழுதச் சொல்லுங்களேன்” என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பொய்த் தகவல் பாலிசியையே ரத்து செய்ய வைக்கும். விழுந்தார் என்று எழுதினால் எம்.எல்.சி. (மருத்துவச் சட்டப் பதிவு) எங்கே, போலீஸுக்குச் சொன்னீர்களா என்ற கேள்விகளும் பின்னாலேயே வரும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எமர்ஜென்சியில் ட்யூட்டி டாக்டர் “எப்போதிலிருந்து வலி?” என்று கேட்கிறார். பதற்றத்தில் இருக்கும் அப்பா, “முந்தாநாள் பந்து பட்டதிலிருந்து” என்கிறார். கேஸ் ஷீட்டில் ஒரு வரி ஏறிவிடுகிறது. சாதாரண நோயாக உடனே பணம் வந்திருக்க வேண்டிய கிளெய்ம், அந்த வரியால் மாதக்கணக்கில் விசாரணையில் தொங்கும். வலி தொடங்கிய நேரத்தைத் தனியாகவும், பந்து பட்டதைத் தனியாகவும் சொல்லுங்கள். இரண்டையும் முடிச்சுப் போடுவது டாக்டர் வேலை.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கொல்கத்தா அலுவலகம் மேற்கு வங்கம், சிக்கிம், அந்தமான் மூன்றுக்கும் சேர்த்துத்தான். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். அங்கே போகிறவர் கையில் மருத்துவப் பதிவுகள் இருக்க வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்கு விதி. டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியதும் பில்லைப் பார்ப்பதற்கு முன் ‘நோய் வரலாறு’ என்ற பகுதியைப் படித்துவிடுங்கள். நீங்கள் சொல்லாதது அதில் இருந்தால், படுக்கையைக் காலி செய்வதற்குள் திருத்தச் சொல்லி, திருத்திய தாளில் டாக்டரின் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.