பழைய கிராபிக்ஸ் அட்டையை வீசுவதற்கு முன்

"அட்டை பழசு, புதுசு போட்டால்தான் இந்தக் கேம் ஓடும்." கணினிக் கடையில் இந்த ஒரு வசனம் சொல்லப்படும்போது, அந்தப் புதுசின் விலை பல வீடுகளில் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டி நிற்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் இரண்டே மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. பின்னர் 300 ரூபா அளவுக்கு இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. கிராபிக்ஸ் அட்டையோ முழுக்க முழுக்க இறக்குமதிப் பொருள். ஐந்தாறு கணினிகளை வைத்துச் சுயதொழிலாகக் கேம் சென்ரர் நடத்துபவர் எல்லாவற்றுக்கும் புது அட்டை போட நினைத்தால், தவணைக்கோ வட்டிக்கோதான் போக வேண்டியிருக்கும்.

ஆனால் கடைக்காரர் சொல்லும் "பழசு" என்பது ஒரே நோயல்ல. குறைந்தது நான்கு வெவ்வேறு நோய்களுக்கு அந்த ஒரே பெயர் வைக்கப்படுகிறது. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் காசில்லாத மருந்து இருக்கிறது. அதுதான் அப்ஸ்கேலிங். படத்தைச் சிறிதாக வரைந்து, பிறகு பெரிதாக்கிக் காட்டுவது.

முழு எச்.டீ திரை என்பது 1920 × 1080, அதாவது 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். செக்கனுக்கு 60 பிரேம் வேண்டுமானால், அத்தனை புள்ளிகளுக்கும் நிறம், ஒளி, நிழல் எல்லாம் கணக்கிட்டு ஒரு படத்தை முடிக்க அட்டைக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெக்கன் மட்டுமே. அதே காட்சியை 1280 × 720 இல் வரைந்தால் புள்ளிகள் 9 இலட்சத்து 21 ஆயிரத்து 600. பாதிக்கும் குறைவு. வரைந்ததை முழுத்திரைக்கு நீட்டினால் வேலை குறையும். ஆனால் சும்மா நீட்டினால் படம் மங்கி, ஓரங்கள் படிக்கட்டுப் போலத் தெரியும். அந்த மங்கலைத் திருத்தும் கணக்குத்தான் இங்கே விடயம்.

ஏ.எம்.டீ நிறுவனம் 2021 ஜூன் 22 அன்று வெளியிட்ட எஃப்.எஸ்.ஆர் 1, இதை எளிய வழியில் செய்தது. படத்தில் எங்கே ஓரங்கள் ஓடுகின்றன என்று கண்டுபிடித்து, அந்தத் திசையிலேயே புள்ளிகளை நிரப்பி, கடைசியில் கூர்மையாக்கியது. என்விடியாவின் டீ.எல்.எஸ்.எஸ் அதற்கு முன்பே வந்துவிட்டது, படமும் அதில் நன்றாக இருந்தது. ஆனால் அதற்கு டென்சர் கோர் எனப்படும் தனி உறுப்பு வேண்டும். அது ஆர்.ரீ.எக்ஸ் அட்டைகளில் மட்டுமே உண்டு. எஃப்.எஸ்.ஆருக்கு அப்படி எதுவும் தேவையில்லை. ஏ.எம்.டீ தன் போட்டி நிறுவனத்தின் ஜீ.ரீ.எக்ஸ் 1060 அட்டையிலேயே அதை ஓட்டிக் காட்டியது. கொட்ஃபோல் என்ற விளையாட்டு, 1440 தெளிவில், செக்கனுக்கு 27 பிரேமிலிருந்து 38 ஆக உயர்ந்தது. 2016 இல் வந்த அட்டைக்கு, அதைச் செய்த நிறுவனம் தராத உதவியைப் போட்டிக்காரர் தந்தார். வியாபாரக் கணக்கு இல்லாமல் இருக்காது. ஆனாலும் பழைய அட்டை வைத்திருப்பவருக்கு நன்மை நன்மைதான். பிறகு அதன் மூலநிரலையும் எவரும் பாவிக்கும்படி திறந்து விட்டார்கள்.

2022 மே மாதம் வந்த எஃப்.எஸ்.ஆர் 2 வேறு வகை. அது ஒரு பிரேமை மட்டும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பிரேமிலும் கமராவை ஒரு புள்ளிக்கும் குறைவான அளவு நகர்த்தி வரைந்து, முந்தைய பிரேம்களில் கிடைத்த விபரங்களையும் சேர்த்துப் படத்தைக் கட்டுகிறது. எந்தப் பொருள் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை விளையாட்டு அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதனால் கம்பி வேலி, மரக்கிளை, தூரத்து எழுத்து போன்ற மெல்லிய விடயங்கள் எஃப்.எஸ்.ஆர் 1 ஐ விட வடிவாகத் தெரியும். வேகமாக ஓடும் உருவத்தின் பின்னால் ஆவி போல ஒரு நிழல் இழுபடுவது இதன் குறை. இன்டெல்லின் எக்ஸ்.ஈ.எஸ்.எஸ் இதே வகை. ஜீ.ரீ.எக்ஸ் 10 வரிசையிலும் ஓடும்.

இந்த இரண்டாம் வகை பழைய அட்டைக்கு இலவசமல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெரிதாக்கும் கணக்கையும் அதே அட்டைதான் செய்ய வேண்டும். உதாரணத்துக்கு, முழு எச்.டீயில் ஒரு பிரேமுக்கு 25 மில்லிசெக்கன் எடுக்கிறது, அதாவது செக்கனுக்கு 40 பிரேம் என்று வைப்போம். 720 இல் அது 14 ஆகக் குறைகிறது. பெரிதாக்க 2 மில்லிசெக்கன் போனால் மொத்தம் 16. அறுபதைத் தாண்டிவிட்டோம். பெரிதாக்கவே 5 தேவைப்பட்டால் 19, ஏறக்குறைய 52 பிரேம். அதுவும் இலாபம்தான், ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் கணக்கு வராது. முழு எச்.டீக்கு ஏ.எம்.டீ பரிந்துரைத்ததே ஆர்.எக்ஸ் 590, ஜீ.ரீ.எக்ஸ் 1070 அளவிலிருந்துதான். அதற்குக் கீழுள்ளவற்றிலும் ஓடும், இலாபம் குறையும்.

அளவுகளில் 'குவாலிட்டி' என்பது ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மடங்கு பெரிதாக்குவது. முழு எச்.டீ திரைக்கு இதற்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து. 'பெர்ஃபோமன்ஸ்' இரண்டு மடங்கு. வெறும் 960 × 540 படத்திலிருந்து முழுத்திரையைக் கட்ட வேண்டும். 4கே திரையில் அது பொருந்தும், ஏனென்றால் அங்கே அது தொடங்குவதே 1920 × 1080 இலிருந்து. நம்மிடம் உள்ள 22 அங்குலத் திரையில் முகங்கள் கரைந்து போகும்.

இனி மற்ற நோய்கள். முதலில் ஒரு சோதனை. விளையாட்டின் தெளிவை 1280 × 720 க்கு இறக்கிப் பாருங்கள். பிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் உங்கள் அட்டைக்கு அப்ஸ்கேலிங் உதவும். கொஞ்சமும் ஏறவில்லையென்றால் தடை அட்டையில் இல்லை, புரொசசரில். அப்போது அப்ஸ்கேலிங் போட்டால் கிடைப்பது மங்கிய படம் மட்டும். புது அட்டை வாங்கினாலும் அதே வேகம்தான், காசு போனதுதான் மிச்சம். கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டிலும் எஃப்.எஸ்.ஆர் தெரிவு இருக்கிறது. ஆனால் இரண்டுமே புரொசசரைப் பிழியும் விளையாட்டுகள். கேம் சென்ரரில் அதிகம் ஓடுவது இவைதான் என்றால், அட்டையை மாற்றுவதற்கு முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

இரண்டாவது, நினைவகம். ஜீ.ரீ.எக்ஸ் 1060 இல் 6 ஜீ.பீ, 3 ஜீ.பீ என இரண்டு வகை உண்டு. விளையாட்டில் திரும்பும்போதெல்லாம் ஒரு கணம் நின்று நின்று போனால் நினைவகம் நிரம்பியிருக்கலாம். சுவர், உடை, தரை போன்றவற்றின் மேற்பரப்புப் படங்கள்தான் அதை நிரப்புகின்றன. தெளிவைக் குறைப்பதால் அவை பெரிதாகச் சுருங்குவதில்லை. டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்குவதே அதற்கு வழி.

மூன்றாவது, வெப்பமும் தூசியும். வன்னியின் செம்மண் தூசி மின்விசிறியில் படிந்த அட்டை, சூடு ஏறியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தூசி தட்டி, காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றினாலே சில அட்டைகள் பழைய வேகத்துக்குத் திரும்பும். எந்த மென்பொருளையும் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான். அப்ஸ்கேலிங்கைப் போட்டு, பிரேமை 60 உடன் நிறுத்தி வைத்தாலும் அட்டையின் வேலை குறையும். ஜீ.ரீ.எக்ஸ் 1060 இன் மின் அளவு 120 வாட், ஆர்.எக்ஸ் 580 இனது 185 வாட். நாள் முழுக்க ஓடும் இடத்தில் அந்தக் குறைவு மின்கட்டணத்திலும் தெரியும்.

நான்காவதுக்கு மருந்தில்லை. 2023 இல் வந்த அலன் வேக் 2, மெஷ் ஷேடர் என்ற வசதியை எதிர்பார்த்து எழுதப்பட்டது. ஜீ.ரீ.எக்ஸ் 10 வரிசையில் அது இல்லை. வன்பொருளில் இல்லாததை அப்ஸ்கேலிங் உண்டாக்காது. அதோடு, அந்த வரிசைக்கான புது விளையாட்டு டிரைவர்களை என்விடியா 2025 ஒக்டோபருடன் நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும். பழைய விளையாட்டுகளை இது பாதிக்காது. காணொளித் தொகுப்பு, பிளெண்டர் போன்ற வேலைகளுக்கும் எஃப்.எஸ்.ஆர் உதவாது. படிப்புக்கோ தொழிலுக்கோ அவைதான் தேவையென்றால் கணக்கை வேறாகப் போட வேண்டும்.

பிரேம் ஜெனரேஷன் என்று இப்போது விளம்பரப்படுத்தப்படுவது வேறு விடயம். இரண்டு பிரேம்களுக்கு இடையில் ஒரு செயற்கைப் பிரேமைச் செருகுவது அது. 25 பிரேமில் தடுமாறும் விளையாட்டு 50 போலத் தெரியும், ஆனால் கை அழுத்தியதற்கும் திரை அசைவதற்கும் இடையிலான தாமதம் குறையாது, சற்றுக் கூடவும் செய்யும்.

விளையாட்டுக்குள் எஃப்.எஸ்.ஆர் இல்லாவிட்டால், ஜீ.ரீ.எக்ஸ் 900 வரிசையிலிருந்து என்விடியாவின் இமேஜ் ஸ்கேலிங் டிரைவருக்குள்ளேயே இருக்கிறது. ஏ.எம்.டீயின் அதே வசதி ஆர்.எக்ஸ் 5000 இலிருந்துதான் உண்டு. எனவே ஆர்.எக்ஸ் 580 வைத்திருப்பவர்கள் மக்பை என்ற இலவச மென்பொருளைப் பாவிக்கலாம். இவை முழுத்திரையையும் பெரிதாக்குவதால் எழுத்துகளும் சற்று மங்கும்.

அப்படியும் மாற்றத்தான் வேண்டுமென்றால், பாவித்த அட்டைகளில் ஓர் எச்சரிக்கை. 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயத்தைக் கிராபிக்ஸ் அட்டையால் உருவாக்கும் முறை நின்றதும், இரவு பகலாக உழைத்த அட்டைகள் உலகச் சந்தையில் கொட்டப்பட்டன. ஆர்.எக்ஸ் 580 என்ற பெயரிலேயே சீனச் சந்தைக்கென 2048 கோர்களுடன் ஒன்று வந்தது. உண்மையான 580 க்கு 2304 கோர்கள். பெட்டியைப் பார்த்தால் தெரியாது. ஜீ.பீ.யூ-இசட் என்ற சிறு மென்பொருளைத் திறந்து 'ஷேடர்ஸ்' என்ற இடத்தைப் பார்த்தால் தெரியும். ஜீ.ரீ.எக்ஸ் 1060 ஆனால் 6 ஜீ.பீ வகைக்கு 1280, 3 ஜீ.பீ வகைக்கு 1152 என்று இருக்கும். விற்பவரின் கணினியிலேயே அரை மணிநேரம் ஏதாவது ஒரு விளையாட்டை ஓடவிட்டு, பிறகு காசைக் கொடுங்கள்.