முதலில் வெளிச்சம், பிறகு கமரா

மாத்தளையிலிருந்து ஒருவர் சினிமா எடுக்கப் புறப்படுவது புதிய செய்தியல்ல. நாடகக்காரராகப் பெயர் பெற்ற மாத்தளை கார்த்திகேசு தயாரித்த ‘அவள் ஒரு ஜீவநதி’ 1980இல் திரைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1962இல், ‘சமுதாயம்’ என்ற இலங்கைத் தமிழ்ப் படம் 16 மில்லிமீற்றர் சுருளில் எடுக்கப்பட்டிருந்தது. அந்தத் தலைமுறையின் பெரிய கவலை பிலிம் செலவு. ஆயிரம் அடி கொண்ட 35 மில்லிமீற்றர் சுருள் ஓடி முடிய ஏறக்குறைய 11 நிமிடம்தான். நடிகர் ஒரு வசனத்தை மறந்தால், அதுவரை ஓடிய பிலிம் போனது போனதுதான்.

இன்று அந்தத் தடை இல்லை. ஷோன் பேக்கர் இயக்கி 2015இல் வெளிவந்த ‘டேஞ்சரின்’ படம் ஐபோன் 5எஸ் கைத்தொலைபேசியால் எடுக்கப்பட்டது. ரத்தோட்டையிலும் உக்குவளையிலும் இளைஞர்கள் அதைவிடத் திறமான கருவிகளைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் நம் குறும்படங்கள் பலவற்றில் முகம் கறுத்துக் கிடக்கிறது; வாசலும் வானமும் வெளிறிப் போகின்றன; இரவுக் காட்சிகளில் புள்ளி புள்ளியாய் இரைச்சல் மொய்க்கிறது. இருக்கிற பணத்தையெல்லாம் கமராவில் போட்டுவிட்டு, வெளிச்சத்துக்கு ஒன்றும் மிச்சம் வைக்காததால் வரும் வினை இது. முதலில் வெளிச்சம், அடுத்து லென்ஸ், அதன் பிறகே கமரா. இந்த வரிசைக்குக் காரணம் இயற்பியலில் இருக்கிறது.

சென்சர் எதை எண்ணுகிறது?

கமராவின் சென்சர் செய்யும் வேலை ஒன்றே: தன்மேல் விழும் ஒளித்துகள்களை, அதாவது போட்டோன்களை, எண்ணுவது. போட்டோன்கள் சீராக வருவதில்லை. மழை தொடங்கும்போது தகரக் கூரையில் ஒவ்வொரு துளியும் தாறுமாறாகத் தனித்துக் கேட்கும். அடைமழையில் அதுவே ஒரே சீரான ஓசையாகிவிடும். சென்சரிலும் இதுதான் நடக்கிறது. ஒரு புள்ளியில் சராசரியாக 100 போட்டோன் விழுந்தால் அந்த எண்ணிக்கை 10 அளவுக்குக் கூடிக் குறையும். அது நூற்றுக்குப் பத்து. 10,000 விழுந்தால் தடுமாற்றம் 100 மட்டுமே, நூற்றுக்கு ஒன்று. இருட்டில் எடுத்த படத்தில் மொய்க்கும் இரைச்சலின் பெரும்பகுதி இந்தத் தடுமாற்றம்தான். ஐ.எஸ்.ஓ.வை, அதாவது சென்சர் தரும் சமிக்ஞையின் பெருக்கத்தை, ஏற்றினால் படம் பிரகாசமாகும். ஆனால் வராத போட்டோன் வந்துவிடாது.

இனிக் கணக்கைப் பாருங்கள். சிறிய ஏபிஎஸ்-சி சென்சரிலிருந்து பெரிய முழு பிரேம் சென்சருக்கு மாறினால் ஒளி வாங்கும் பரப்பு ஏறக்குறைய 2.3 மடங்கு கூடும். அதற்குக் கமராவையும் மாற்ற வேண்டும், பெரும்பாலும் லென்ஸ்களையும் மாற்ற வேண்டும். கமராவோடு வரும் 18–55 லென்ஸை முழுதாக நீட்டினால் அதன் துவாரம் எஃப் 5.6 ஆகச் சுருங்கிவிடும். அதே இடத்தில் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸைப் பூட்டினால் ஒளி கிட்டத்தட்ட பத்து மடங்கு கூடும். பல நிறுவனங்களின் வரிசையில் விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று அது. ஆகவே முதல் சம்பளத்தில் புதிய கமரா வாங்க நினைப்பவர், முதலில் ஒரு லென்ஸும் ஒரு விளக்கும் வாங்கட்டும்.

மாத்தளை மாவட்டம் இந்தப் பாடத்துக்கு வாய்த்த இடம். தோட்டத் தொழிலாளர் லயத்தின் இருட்டு, தம்புள்ளையின் உச்சி வெயில், ரிவஸ்டனின் மூடுபனி, கோயில் திருவிழா இரவு என நான்கு வகை ஒளியும் ஒரே மாவட்டத்துக்குள் கிடைக்கின்றன.

லயக் காம்பராவில் ஒரு முகம்

லயக் காம்பரா பல இடங்களில் 10 அடிக்கு 12 அடிதான். புகை படிந்த சுவர், இஸ்தோப்புப் பக்கம் ஒரு கதவு, சில வேளை சிறிய ஜன்னல். இங்கே விளக்கை உள்ளே கொண்டுபோய் நடிகரின் முன்னால் நிறுத்துவதே பலர் முதலில் செய்வது. ஆனால் ஒளியின் வலு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகக் குறையும். விளக்கு முகத்திலிருந்து 1 மீற்றரிலும் பின்சுவரிலிருந்து 3 மீற்றரிலும் இருந்தால், முகத்தில் விழும் ஒளி சுவரில் விழுவதைப் போல 9 மடங்கு. முகம் வெளிறும், வீடு மறைந்துபோகும். அதே விளக்கை வாசலுக்கு வெளியே எடுத்து, முகத்துக்கு 4 மீற்றர், சுவருக்கு 6 மீற்றர் என்று வைத்தால் வேறுபாடு 2.25 மடங்குக்கு இறங்கிவிடும். முகமும் தெரியும், அந்த மனிதர் வாழும் வீடும் தெரியும். ஒளி கதவு வழியாக வருவதால், பார்ப்பவருக்கு அது பகல் வெளிச்சமாகவே படும்.

வாசலில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டி, விளக்கை அதன் பின்னால் வைத்தால் இன்னும் நல்லது. நிழல் கடினமா மென்மையா என்பதை, முகத்திலிருந்து பார்க்கையில் ஒளி மூலம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே தீர்மானிக்கிறது. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ (1956) படத்துக்காகக் காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்ரூடியோவில் கட்டியபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அரங்கின் மேலே வெள்ளைத் துணியை விரித்து, விளக்குகளை அதன்மீது அடித்துத் திருப்பினார். வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற ஒளி அப்படித்தான் உண்டானது. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து, ‘கோகிலா’ (1977) படத்துக்காக இந்தியாவின் தேசிய விருது வாங்கிய ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திராவும், இருக்கிற ஒளியை மதித்துப் படமெடுத்ததாலேயே பேர் பெற்றார். இருவரிடமிருந்தும் நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் ஒரு துணியின் விலைக்குள் அடங்கும்.

மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். பழைய ‘ரெட்ஹெட்’ டங்ஸ்டன் விளக்கு ஒன்று 800 வொட் இழுக்கும். 5 அம்பியர் செருகியின் எல்லை 1,150 வொட். இரண்டு விளக்கைப் பழைய லயத்து வயரிங்கில் மாட்டுவது அந்த வரிசையில் குடியிருப்போருக்கே ஆபத்து, அறையும் அனலாகிவிடும். அதே பயனுக்கு எல்.ஈ.டி. விளக்கு நாலில் ஒரு பங்கு மின்சாரம்கூடக் கேட்காது. பற்றரியிலும் ஓடும்.

எல்.ஈ.டி. வாங்கும்போது வொட்டை மட்டும் பார்க்காதீர்கள். வெள்ளை எல்.ஈ.டி. என்பது நீல ஒளி மூலத்தின்மேல் பொஸ்பர் பூசியது. மலிவான விளக்கில் நீலம் தூக்கலாகவும் ஆழ்ந்த சிவப்பு குறைவாகவும் இருக்கும். நம் தோலுக்கு உயிர் தருவது அந்தச் சிவப்பு. அது ஒளியில் இல்லாவிட்டால், எடிட்டிங்கில் எவ்வளவு திருத்தினாலும் முகம் சாம்பல் பூத்தே நிற்கும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண் 95க்கு மேல் உள்ளதை வாங்குங்கள். சிவப்பைத் தனியாகக் குறிக்கும் ஆர்9 எண்ணையும் கேளுங்கள்.

கறுத்த தோலைப் படமெடுப்பது பற்றி நம்மிடையே போதிய பேச்சு இல்லை. கொடாக் நிறுவனம் புகைப்படம் அச்சிடும் கூடங்களுக்கு அனுப்பிய ‘ஷேர்லி’ அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைத் தோல் பெண்ணின் படமே நிற அளவுகோலாக இருந்தது. கறுத்த முகங்கள் படத்தில் இருண்டுபோனதற்கு அந்த அளவுகோலும் ஒரு காரணம். இன்று பரிகாரம் நம் கையில். ஒளியின் அளவைக் கண்டபடி ஏற்றாமல், பெரிய வெள்ளைப் பரப்பொன்றை முகத்தின் பக்கவாட்டில் வையுங்கள். கறுத்த தோல் அந்த வெண்மையைக் கன்னத்திலும் நெற்றியிலும் மினுக்கமாகத் திருப்பித் தரும். எக்ஸ்போஷரைத் தானியங்கிக்கு விடாமல் முகத்தில் வைத்துப் பூட்டுங்கள். பின்னால் வாசல் வெளிறினாலும் பரவாயில்லை. கொழுந்து பறித்துத் திரும்பிய ஒரு தாயின் முகம் கறுத்துப்போகக் கூடாது.

தம்புள்ளையின் உச்சி வெயில்

மாத்தளை நகரிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே 45 கிலோமீற்றர் போனால் சிக்கல் தலைகீழாகிறது. வெட்டவெளி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவு. ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 50இல் ஒரு விநாடி என்று வைத்தால் துவாரத்தை எஃப் 22 வரை சுருக்க வேண்டிவரும். அவ்வளவு சுருக்கினால் ஒளி வளைவினால் படத்தின் கூர்மை கெடும். எஃப் 2.8இல் எடுக்க வேண்டுமானால் ஒளியை 64 மடங்கு குறைக்கும் என்.டி. பில்டர் வேண்டும். அது இல்லாதவர்கள் ஷட்டரை வேகமாக்குகிறார்கள். அதனால்தான் வெயில் காட்சிகளில் நடை வெட்டி வெட்டித் தெரிகிறது.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் செப்டெம்பர் தொடக்கத்திலும் மாத்தளைக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்கும். அப்போது கண்குழிகள் இரண்டும் கறுப்பாகிவிடும். தலைக்கு மேலே மெல்லிய வெள்ளைத் துணி பிடித்து, கீழிருந்து ரெஜிபோம் தகட்டால் ஒளியைத் திருப்பினால் கண்கள் மீளும். மாலைப் பொன்னொளியை நம்பித் திட்டமிடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. அடிவானத்துக்கு 6 பாகை மேலிருந்து அது மறைய இங்கே சுமார் 25 நிமிடம். லண்டனில் சமபகல் நாளில்கூட 40 நிமிடம். வெளிநாட்டுப் பாடங்கள் சொல்லும் பொன்மணி நேரம் நமக்குப் பாதி மணியைக்கூட எட்டாது. ஒத்திகையை வெயிலில் முடித்துவிட்டு, அந்த 25 நிமிடத்தில் படப்பிடிப்பை மட்டும் செய்யுங்கள்.

ரிவஸ்டனின் மூடுபனி

நக்கிள்ஸ் மலைத்தொடரிலுள்ள ரிவஸ்டனுக்கு ஏறினால் வானமே பெரிய வெள்ளைத் துணியாகிவிடும். மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியலைகளைவிடப் பெரியவை. எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிப்பதால் பனி வெண்மையாகத் தெரிகிறது. தானியங்கிக் கமரா அந்த வெண்மையைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டொப், அதாவது இரு மடங்கு, ஏற்றினால் வெண்மை திரும்பும்.

கமராவுக்குச் செலவிடுவது நியாயமாகும் இடம் இது. 8 பிட் பதிவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 10 பிட்டில் 1,024. மூடுபனிக் காட்சி அந்த அளவில் கால் பங்கில் ஒடுங்கினால், முதலாவதில் 64 படிகளும் இரண்டாவதில் 256 படிகளும் மிஞ்சும். பிறகு மாறுபாட்டைக் கூட்டும்போது 64 படிகள் பனியைப் பட்டை பட்டையாகப் பிளந்துவிடும். ஆகவே கமரா தேர்வு செய்யும்போது 4கே, 6கே என்ற எண்களுக்கு முன் 10 பிட் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஈரப்பதன் லென்ஸின் எதிரி. மலைக் குளிரிலிருந்து கீழே இறங்கும் கமராவை, அது சூடேறும் வரை மூடிய பையிலேயே விடுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடியில் நீர் படியும். லென்ஸில் பூஞ்சை ஒருமுறை வேரூன்றினால் மேற்பூச்சையே அரிக்கும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

தேர்த் திருவிழா இரவு

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசி மகப் பஞ்சரத பவனியை எத்தனையோ பேர் படமெடுக்கிறார்கள். பல வீடியோக்களில் கறுப்புப் பட்டைகள் ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மின்குமிழ் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. ஷட்டர் 60இல் ஒரு விநாடியாக இருந்தால் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகாது. 50இல் அல்லது 100இல் ஒரு விநாடி என்று வைத்து, விநாடிக்கு 25 பிரேமில் எடுத்தால் பட்டை மறையும். ஜெனரேற்றரில் ஓடும் சோடனை விளக்குகளுக்கு வேறு துடிப்பு இருக்கலாம். ஊர்வலம் புறப்படுமுன் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

எண்ணெய் விளக்கின் நிற வெப்பநிலை 1,900 கெல்வின் அளவு, வெள்ளை எல்.ஈ.டி. குழாய் 6,500. தானியங்கி நிறச் சமநிலை இரண்டுக்கும் இடையில் தடுமாறும். ஏதேனும் ஓர் எண்ணில், 3,200 என்றே வைத்துக்கொள்ளுங்கள், பூட்டிவிட்டால் தீபம் தீபமாகவே இருக்கும். ஸ்டான்லி குப்ரிக் ‘பரி லிண்டன்’ (1975) படத்தில் மெழுகுதிரி ஒளியைப் பிடிக்க, நாசாவுக்காகச் செய்யப்பட்ட ஸைஸ் எஃப் 0.7 லென்ஸைத் தேடிப்போனார். இன்றைய சென்சரோடு எஃப் 1.8 லென்ஸ் அந்த வேலைக்குப் போதும். கருவறை முன்னால் விளக்கடிக்கத் தேவையில்லை, அடிக்கவும் கூடாது. சிகிரியா ஓவியங்களுக்கும் தம்புள்ளைக் குகைகளுக்கும் இதுவே பொருந்தும். பழைய வர்ணங்களில் ஒளி செய்யும் சேதம் ஒவ்வொரு தடவையும் சேர்ந்துகொண்டே போகும், மங்கியது மீளாது.

வாங்கும் வரிசை

வெள்ளைத் துணியும் ரெஜிபோமும் முதலில். சி.ஆர்.ஐ. 95க்கு மேற்பட்ட, பற்றரியில் ஓடும் 60 வொட் எல்.ஈ.டி. அடுத்தது. பிறகு எஃப் 1.8 லென்ஸ், என்.டி. பில்டர், சட்டையில் குத்தும் மைக், பாரமான முக்காலி. கடைசியில்தான் 10 பிட் கமரா. அதுவரை கைத்தொலைபேசியோ இரவல் கமராவோ போதும். இவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க வேண்டியதும் இல்லை. ஒரு தோட்டத்து இளைஞர் மன்றமோ பாடசாலையின் பழைய மாணவர் சங்கமோ ஒரு பெட்டி வாங்கி வைத்தால், ஒரு வட்டாரமே அதை வைத்துப் படமெடுக்கலாம்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டிலுள்ள ஒருவரை வாசலில் உட்காரவைத்து, காலை ஏழு மணி முதல் மாலை விளக்கேற்றும் வரை மணிக்கொரு தடவை அதே கைத்தொலைபேசியால் அந்த முகத்தை எடுங்கள். அத்தனையையும் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். எந்த மணியில் முகம் அழகாயிருக்கிறதோ அப்போது ஒளி எந்தப் பக்கத்திலிருந்து, எதில் பட்டு வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மற்ற மணிகளில் அந்த ஒளியை உண்டாக்க என்ன வேண்டுமோ, நீங்கள் கடையில் கேட்க வேண்டியது அது மட்டுமே.